"விளங்கிக்கொண்டேன்" என்று அழுத்துவதற்கு முன்

(சங்கத்தின் இளைஞர், மகளிர் பிரிவுகளின் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழி ஆற்றிய உரை)



காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். வேலைக்குச் சேரும் முதல் நாளில் நம் பிள்ளைகளின் முன்னால் வைக்கப்படும் கணினிப் பாடத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நம் அம்மாமார் வேலை பழகியது எப்படி? நிரையில் பக்கத்தில் நின்ற பெரியம்மாவைப் பார்த்துப் பழகினார்கள். பிழையாகக் கிள்ளினால் கங்காணி சத்தம் போடுவார், பெரியம்மா கையைப் பிடித்துக் காட்டுவார். தொழிற்சாலைக்குள் போனவர்களுக்கு ரோலரில் பத்து வருஷம் நின்ற அண்ணன் ஒருவர் இருந்தார். "சீலை முந்தானையைச் செருகு, முடியைக் கட்டு, பெல்ட் ஓடும்போது கிட்டப் போகாதே" என்று அவர் சொன்னதுதான் பாடம்.

இப்போது பல இடங்களில் முதல் நாள் வேறு மாதிரி இருக்கிறது. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலை, கொழும்பில் சுப்பர் மார்க்கெட், நுவரெலியாவில் ஹோட்டல் என்று நம் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து ஒரு கணினியையோ டெப்பையோ கொடுக்கிறார்கள். படம் ஓடும், குரல் பேசும், சில கேள்விகள் வரும். கடைசியில் சின்னதாக ஒரு கட்டம் வரும்: "நான் வாசித்து விளங்கிக்கொண்டேன்." அதை அழுத்தினால் பயிற்சி முடிந்தது என்று பதிவாகும். நம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் இந்த முறை வரத்தான் போகிறது.

நான் கணினிப் பாடத்துக்கு எதிரானவள் இல்லை. வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளையை எனக்குத் தெரியும். அதே பிள்ளை கணினியின் முன்னால் ஒரே பாடத்தை நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்கும். கணினி சலித்துக்கொள்ளாது, "இதுகூடத் தெரியாதா" என்று ஏசாது. வேண்டியவருக்கு ஒரு மாதிரி, வேண்டாதவருக்கு ஒரு மாதிரி என்று பாரபட்சமும் காட்டாது. நன்றாகச் செய்தால் இது நமக்கு நல்லதுதான்.

நன்றாகச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? எங்கள் பாடசாலையில் உயர் தரம் முடித்த ஒரு பிள்ளை ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். பாடம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: "அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போ. விடை பிழைத்தால் திரும்பக் கேட்கும். சரி வரும்வரை மாற்றி மாற்றி அழுத்து." இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. லீவில் வந்தபோது என்னிடம் சொன்னாள்: "டீச்சர், நூற்றுக்கு நூறு எடுத்தேன். ஆனா மெஷினை அவசரத்துக்கு எப்படி நிப்பாட்டுறதுன்னு தெரியாமத்தான் முதல் கிழமை வேலை செஞ்சேன்."

கெட்டிக்காரப் பிள்ளை அவள். அந்த நூறு புள்ளி அவளுடைய அறிவை அளக்கவில்லை. ஒரு பதிவை நிரப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்தப் பதிவு யாருக்காக என்று நாம் கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தை அழுத்துவது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். வாசிக்க முடியாத தாளில் கைநாட்டு வைத்த சனம் நாம். துண்டு முறை பற்றித் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுத்த தாள்தான் துண்டு. அந்தத் தாளை வைத்து ஆட்களைத் தோட்டம் தோட்டமாக மாற்றினார்கள். அதில் எழுதிய தொகையை வாசிக்கத் தெரியாதவர்களின் தலையில்தான் அந்தக் கடன் நின்றது. 1921இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். நூறு வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் விளங்காத எழுத்துக்குக் கீழே விரலை வைக்கக் கூடாது. தாளில் வைத்தாலும் கண்ணாடித் திரையில் வைத்தாலும் விரல் விரல்தான்.

சட்டத்திலும் இதற்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. வேலையில் காயம் பட்டால் நட்டஈடு கிடைப்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ். பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொல்லப்பட்ட விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால்தான் காயம் வந்தது என்று காட்டினால், மரணம் அல்லாத காயங்களுக்கு முதலாளி நட்டஈட்டிலிருந்து தப்பிக்க அதில் வழி உண்டு. யோசித்துப் பாருங்கள். விதியைச் சொன்னோம், பார்த்தார், "விளங்கிக்கொண்டேன்" என்று அழுத்தினார், இதோ திகதி, இதோ நேரம் என்று அலுவலகம் ஒரு தாளை எடுத்து நீட்டினால், விரலை இழந்த பிள்ளை என்ன பதில் சொல்லும்? "எனக்கு அந்தப் பாஷை தெரியாது" என்று அன்றைக்குச் சொல்வதைவிட முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளே, இனி உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதலாவது, பாடத்துக்கு முன்னால் கருவியைப் பழகுங்கள். மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் பாடத்தில் மனம் போகாது. எங்கே தொட்டால் முன் பக்கத்துக்குத் திரும்பலாம், எங்கே தொட்டால் திரும்பக் கேட்கலாம், சத்தத்தை எப்படிக் கூட்டலாம், பாஷையை மாற்றும் இடம் இருக்கிறதா என்ற நாலையும் தொடங்கும் முன்பே கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பத்தைந்து வயதில் வேலை மாற்றிப் போகிறவர்கள் "இந்த வயசிலே நமக்கு ஏன் கொம்பியூட்டர்" என்கிறீர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து வேகமாகக் கிள்ளுகிற கைக்கு மவுஸ் ஒரு பெரிய வேலையே இல்லை. அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லித்தர ஒருவர் இருந்தால் போதும்.

இரண்டாவது, தமிழில் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அரச அலுவலகத்தில் நாம் தமிழில் கேட்கலாம், தமிழில் பதில் பெறலாம். தனியார் கம்பனியின் கணினிக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விளங்காத பாஷையில் சொன்ன பாதுகாப்புப் பாடம் சொல்லாத பாடம்தான் என்று சங்கம் வாதாடும். அதே நேரம், தமிழில் இருப்பதெல்லாம் விளங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். "அவசர நிறுத்தப் பொத்தானை இயக்குக" என்று எழுதியிருக்கும். நம் ஆட்கள் அதைச் "சிவப்பு சுவிட்ச்" என்பார்கள். அந்தச் சொல்லைப் போட்டால் ஒரு நொடியில் விளங்கும். அவசரத்தில் நமக்குக் கிடைப்பதும் அந்த ஒரு நொடிதான்.

மூன்றாவது, ஒரு சின்னக் கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். பாடம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் நாலு விஷயத்தை உங்கள் கையால் எழுதுங்கள். இயந்திரத்தை எப்படி நிறுத்துவது, காயம் பட்டால் யாரைக் கூப்பிடுவது, முதலுதவிப் பெட்டி எங்கே, நெருப்புப் பிடித்தால் எந்த வாசலால் வெளியே போவது. இந்த நாலுக்கும் விடை எழுத முடியாவிட்டால் உங்களுக்குப் பாடம் முடியவில்லை, கணினி என்ன புள்ளி போட்டாலும் சரி.

நாலாவது, திரையில் பார்த்ததை இயந்திரத்திலும் காட்டச் சொல்லுங்கள். படத்தில் ஓடுகிற ரோலர் வேறு, நீங்கள் நிற்கப் போகிற ரோலர் வேறு. சுவிட்ச் இருக்கும் பக்கம் மாறும், பெல்ட் மூடியிருக்கும் விதம் மாறும். டிரையரின் சூட்டையும் சலிக்கும் இடத்துத் தேயிலைத் தூசியையும் எந்தப் படத்தாலும் மூக்குக்கும் தோலுக்கும் சொல்ல முடியாது. டீமேக்கரோ சுபர்வைசரோ பக்கத்தில் நின்று ஒரு தடவை நிறுத்திக் காட்ட வேண்டும், பிறகு நீங்கள் அவர் முன்னால் ஒரு தடவை நிறுத்திக் காட்ட வேண்டும். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே ஆபத்தான இயந்திரத்தில் நிற்கும் இளம் வயதினருக்கு ஆபத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பயிற்சியோ மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்கிறது. கணினி வருவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே எழுதியது அது. கணினி வந்துவிட்டது என்பதற்காக அந்தக் கடமை குறைந்துவிடாது.

ஐந்தாவது, பாடம் படிக்கும் நேரமும் வேலை நேரம்தான். "இரவில் போடிங்கில் இருந்து உங்கள் போனில் முடித்துவிட்டு வாருங்கள்" என்றால், டேட்டா காசு யாருடையது, தூக்கம் யாருடையது என்று கேளுங்கள். பயிற்சி நாட்களுக்குச் சேமலாப நிதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி வேலையின் முதல் நாளிலிருந்தே உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும்.

ஆறாவது, முடித்த பாடத்துக்கு ஒரு பிரதி கேளுங்கள். பாடத்தின் பெயர், திகதி, எந்தப் பாஷை, எவ்வளவு நேரம் என்பவை அதில் இருக்கட்டும். வேறு வேலைக்குப் போனாலும் உதவும், பிரச்சினை வந்தாலும் உதவும்.

விளங்காவிட்டால் என்ன செய்வது? பயம் இருக்கும், எனக்குத் தெரியும். தனியாகப் போனால் "வேலைக்கு வந்தாயா, குறை சொல்ல வந்தாயா" என்பார்கள். ஒரே நாளில் சேர்ந்த மூன்று நாலு பேர் சேர்ந்து போங்கள். மரியாதையாக ஒரே வசனம் சொல்லுங்கள்: "இந்தப் பகுதி எங்களுக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லித்தர ஒருவரைத் தாருங்கள்." அதையே இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழி பிறக்காவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முறையிடுவது நம் உரிமை.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் அண்ணன் அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். புதிதாக வருகிற பிள்ளையிடம் "சும்மா அழுத்திட்டு வா" என்று சொல்லாதீர்கள். உதவி செய்கிற நினைப்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பாடத்தையும், நாளைக்கு வரக்கூடிய நட்டஈட்டையும் சேர்த்துத்தான் அந்த ஒரு சொல் தட்டிப் பறிக்கிறது. அதற்குப் பதிலாக இடைவேளையில் பத்து நிமிஷம் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சிவப்பு சுவிட்சைக் காட்டுங்கள்.

நிர்வாகங்களிடம் சங்கம் கேட்க வேண்டியதையும் தீர்மானமாக இங்கே வைக்கிறேன். பாடம் தமிழில், குரலோடு இருக்க வேண்டும். மெதுவாக வாசிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். புதியவர்களுக்குக் கொடுக்கும் முன் அந்த வேலையைச் செய்கிற இரண்டு மூன்று தொழிலாளர்கள் பாடத்தைப் பார்த்து, சொல் சரியா என்று சொல்ல வேண்டும். படிக்கும் அறையில் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும். புள்ளி குறைந்தால் திரும்பப் படிக்க விட வேண்டுமே தவிர, அதைக் காட்டிச் சம்பளத்திலோ வேலையிலோ கை வைக்கக் கூடாது. "விளங்கிக்கொண்டேன்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "எனக்கு விளங்கவில்லை, உதவி தேவை" என்று இன்னொரு கட்டமும் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த வருஷம் வெளியே வேலைக்குப் போன, போகப் போகிற பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். கணினி பழகிய இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புறப்படும் முன் ஒரு பின்னேரம் அந்த இருவரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மவுஸிலிருந்து அந்தக் கடைசிக் கட்டம் வரை சொல்லிக்கொடுக்கட்டும். பட்டியலை அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தலைவர், தலைவிமார் கொண்டுவர வேண்டும். நான் பெயர் பெயராகக் கேட்பேன்.