நீரும் நத்தமும் திருக்கோயிலும்

(காரைக்கால் வட்டாரத் திருக்கோயில் ஒன்றின் குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



யாகசாலையிலே பூசித்த குடத்து நீரை விமானத்தின் உச்சியிலே சொரிந்தோம். கீழே நின்றவர்கள் அந்த நீர்த்துளி தம்மேல் படாதா என்று ஏங்கி நின்றோம். குடமுழுக்கு என்பதே நீரால் ஆகும் விழா. ஆகவே, இந்நன்னாளில் நீரைப் பற்றியும், அந்நீரை நம்பி இப்பகுதியில் நம் முன்னோர் ஊர் அமைத்த முறையைப் பற்றியும் சிறிது சிந்திப்பது பொருத்தமாகும்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு இந்நகரை ஒட்டிக் கடலிற் கலக்கின்றது. திருமலைராயனாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, நண்டலாறு எனக் காவிரியின் கிளைகள் பல இச்சிறு நிலப்பரப்பை ஊடுருவிச் செல்கின்றன. ஊரின் பெயரிலுள்ள ‘கால்’ என்பதற்கு வாய்க்கால் என்றே பொருள் கொள்வாரும் உளர்.

நமக்கு இரண்டு மழை வேண்டும். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பொழிந்தால்தான் ஆடியில் ஆறு பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிந்தால்தான் குளம் நிறையும். முன்னது பொய்த்தால் நாற்று வாடும். பின்னது மிகுந்தால் விளைந்த பயிர் மூழ்கும். ஆற்றில் நன்னீர் குறைந்தாலோ, கடலின் உப்புநீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளே ஏறி வரும். இந்த நிலையாமைக்கு நடுவிலேதான் நம் ஊர்கள் எழுந்தன.

எவ்வாறு எழுந்தன? ஆறு தன் வண்டலால் தானே கட்டிய மேட்டிலே நத்தம், தாழ்ந்த இடத்திலே வயல், இரண்டுக்கும் இடையே குளம், மேட்டிலே திருக்கோயில். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் குடியிருக்கும் நத்தம், கோயில், குளம், நிலத்தை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றின் நிலத்தைக் கழித்துவிட்டு, எஞ்சியதற்கே வரி விதித்தார்கள். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் உரிய இடத்தில் விளைச்சலைத் தேடக்கூடாது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருந்தது!

சோழர் கால நாடுகளின் எல்லைகளை ஆராய்ந்த பேராசிரியர் எ. சுப்பராயலு, 1973இல் வெளிவந்த தம் நூலில், நீர்வளம் மிக்க காவிரிப் படுகையில் நாடுகள் சிறியனவாய் நெருங்கியிருந்தன என்பதையும், வறண்ட பகுதிகளில் அவை பரந்து கிடந்தன என்பதையும் எடுத்துக் காட்டியுள்ளார். மன்னன் வகுத்த கோட்டினும் நீர் வகுத்த கோடே வலியது என்பது இதனால் விளங்கும்.

நீர் தவறிய நாளில் என்ன நேர்ந்தது? அதனையும் கல்வெட்டே சொல்கின்றது. 1054ஆம் ஆண்டிலே தஞ்சைப் பகுதி ஆலங்குடியில் காலம் பொல்லாததாயிற்று, ஊர் நலிந்தது. சபையார் கோயிற் கருவூலத்திலிருந்து 1,000 கழஞ்சுக்கு மேற்பட்ட பொன்னையும் 400 பலத்துக்கு மேற்பட்ட வெள்ளியையும் கடனாகப் பெற்று ஊரைக் காத்தனர். வட்டிக்காகக் கோயிலுக்கு நிலம் ஒதுக்கினர். இறைவனின் அணிகலன் அன்று ஏழையின் சோறாயிற்று.

ஆயின் மற்றொரு கல்வெட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிருந்து மேற்கே, பேரளத்தை அடுத்துள்ள திருப்பாம்புரத்தில், 1201ஆம் ஆண்டு ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. பசி தாளாத வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கே அடிமையாக விற்றுக்கொண்டார். கோயில் உயிரைக் காத்தது உண்மை. உரிமையை விலையாகப் பெற்றதும் உண்மை. இரண்டையும் நினைவிற் கொள்வதே பக்திக்கு அழகு.

சத்தீசுகரின் தண்டக் குகையிலே சுண்ணநீர் சொட்டி வளர்ந்த கற்படிவத்தை ஆராய்ந்த அறிஞர்கள், பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் பருவமழை பல ஆண்டுகள் தொடர்ந்து தளர்ந்ததை 2007இல் எடுத்துரைத்தனர். அரசுகளின் வீழ்ச்சிக்கு மழை ஒன்றே காரணம் என்பது மிகையாகும். போரும் வரிச்சுமையும் உண்டு. எனினும், நீர்நிலையைப் பேணிய ஊர் வறட்சியைத் தாங்கும் வலிமையோடு நின்றது. கைவிட்ட ஊர் விரைவிலே தளர்ந்தது.

நம் காரைக்காலின் கோயிற்பத்தாகிய திருத்தெளிச்சேரியின் தலவரலாறு உங்களுக்குத் தெரியும். பஞ்ச காலத்திலே இறைவனே உழவனாய் வந்து விதை தெளித்தான் என்பர். மழையை வேண்டிய அடியவர்க்கு அவன் மழையோடு நில்லாமல், வயலில் இறங்கி வேலையும் செய்தான் அன்றோ?

இன்றும் நாம் கடைமடையிலேயே இருக்கின்றோம். 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே உச்சநீதிமன்றம், புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, காவிரியில் ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நீரை உறுதி செய்தது. தீர்ப்பு நீரின் அளவைக் கூறலாம். அந்நீர் வந்து தங்குவதற்குக் குளத்தை யார் தூர்வாருவது? வரத்து வாய்க்காலை யார் திறந்து வைப்பது? இனி வரும் காலத்தில் மழை இன்னும் தாறுமாறாகும், கடல்மட்டம் உயரும் என்று அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். தூர்ந்த குளம், வெள்ளத்தையும் ஏற்காது, வறட்சிக்கும் உதவாது.

திருப்பணிச் செல்வர்களே! கோபுரத்துக்குப் பொன்முலாம் பூசினீர்கள். விமானத்துக்கு வண்ணம் தீட்டினீர்கள். மிக நன்று. எஞ்சிய பொருளையும், எஞ்சாத ஆர்வத்தையும் இத்திருக்குளத்தின் பக்கம் திருப்புங்கள். படிக்கட்டு மட்டும் போதாது. நீர் வரும் வழியும் வேண்டும். மிகுந்தால் வடியும் வழியும் வேண்டும். அது பெயர் பொறிக்கப்படாத கொடையாகலாம். ஆயினும், அடுத்த குடமுழுக்கிலே கடத்தை நிறைக்கும் நீர் நம் குளத்து நீராகவே இருக்குமாயின், அதனினும் பெரிய கல்வெட்டு எது?

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னின்று காப்பதாக!