கடற்காவல் யாருக்காக?



களனி கங்கை கடலோடு கலக்கும் இம்முகத்துவாரத்தில் கடற்காவலைப் பற்றிப் பேசுவது மிகப் பொருத்தமானதே. 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது இந்நாட்டின் கரையோரக் காவற்படை. கடத்தலையும் சட்டவிரோத மீன்பிடியையும் தடுத்தல், கடல் மாசுறாது காத்தல், ஆபத்திற் சிக்கியோரை மீட்டல் ஆகியன அதன் கடமைகள்.

இவற்றின் அருமையை மேற்குக் கரை அறியும். 2021 மே மாதத்தில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தன, மீனவர் தொழிலிழந்தனர். வடக்கிலோ, 2017இல் சட்டம் தடைசெய்த இழுவைமடி இன்றும் ஏழைகளின் வலைகளை அறுக்கின்றது.

எனினும், கடற்காவல் தமிழனுக்குக் கசந்த காலமும் உண்டு. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1952இல், கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்கவென்று கரையோரத்திற் படையினர் நிறுத்தப்பட்டனர். 'கள்ளத்தோணி' என்பது வசைமொழியாயிற்று.

மீனவனின் மொழியறியாத காவலனுக்கு அவன் முறையீடும் குற்றமாகத் தோன்றும். தமிழும் ஆட்சிமொழியென 1987 முதல் அரசியலமைப்புக் கூறுகின்றது. ஆதலின், ஒவ்வொரு கரையோரக் காவல் நிலையத்திலும் தமிழறிந்தோர் இருத்தல் வேண்டும். கமக்காரன் வேலி கட்டுவது பயிருக்காக. கடலின் வேலியும் கடலை நம்பி வாழ்வோருக்காகவே அமைதல் வேண்டும்!