சிறுவர்க்குச் சிங்கமும் சிறுத்தையும்



கீழ்வகுப்புச் சிறாரிடம் காட்டு விலங்கொன்றின் பெயரைக் கேட்டால், பெரும்பாலும் சிங்கம் என்றே விடை வரும். எனினும், நம் தீவின் காடுகளில் இன்று சிங்கமும் இல்லை, வேங்கைப்புலியும் இல்லை. குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த பற்களைக் கொண்டு, முன்னொரு காலத்தில் இங்கும் சிங்கம் வாழ்ந்ததென அறிஞர் தெரணியகல 1939இல் எடுத்துரைத்தார். இன்று நம் காடுகளில் எஞ்சியுள்ள பெரும்பூனை சிறுத்தை ஒன்றே.

ஆகவே, பாடத்தை வீட்டுப் பூனையிலிருந்து தொடங்குதல் நன்று. அது நகங்களை உள்ளிழுத்து ஓசையின்றி நடப்பதையும், பதுங்கிப் பாய்வதையும் பிள்ளைகள் தாமே கண்டு கூறட்டும். பின்னர்ப் படங்களைக் காட்டி, வேங்கைக்கு வரிகள், சிறுத்தைக்குப் புள்ளி வளையங்கள், ஆண் சிங்கத்துக்குப் பிடரிமயிர் என வேறுபாடுகளை உணர்த்தலாம். சிங்கம் கூட்டமாக வாழும். சிறுத்தை தனித்தே திரியும்.

கதையில் வரும் சிங்கம் அரசாளும், முயலிடம் ஏமாறும். அது கதைக்கு அழகு. ஆயினும், மெய்யான விலங்கு கொடுங்கோலனுமன்று, மூடனுமன்று. உண்டு உயிர்வாழவே அது வேட்டையாடுகின்றது என்பதையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

2020இல் நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலே கம்பிக் கண்ணியில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தையொன்று மாண்டது. இத்தகைய கண்ணிகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுபவை. மலையகத்துச் சிறார்க்கு இப்பாடம் வெறும் ஏட்டுக்கல்வியன்று. சிறுத்தையைக் கண்டால் ஓடாதே, குட்டியைத் தொடாதே, கண்ணியைக் கண்டால் பெரியோரிடம் அறிவி என்னும் மூன்றையும் அவர்கள் முதல் வகுப்பிலேயே கற்றுக்கொள்ளட்டும்.