வெறுங் கருப்பை சொல்வது என்ன?



புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, இங்குள்ள மன்னர் கல்லூரியில் பயின்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் மருத்துவம் பயின்ற நாளில், இடம் தவறித் தங்கிய இளங்கருவைக் காட்டும் கருவி உலகில் எங்கும் இல்லை. கருக்குழாய் வெடித்துக் குருதி வயிற்றுள் பெருகிய பின்னரே பெரும்பாலும் நோய் வெளிப்பட்டது. இன்று அதனை முன்னரே அறியலாம். நான் மருத்துவன் அல்லன். பௌதிகமும் உடலியலும் கற்பித்த ஆசிரியன். அந்த அளவிலேயே இதனைச் சொல்கிறேன்.

கரு கருப்பையின் உட்சுவரில் பதிவதே இயல்பு. நூற்றில் ஒன்றிரண்டு மட்டும் வெளியே, பெரும்பாலும் கருக்குழாயிலேயே, தங்கிவிடுகின்றன. குறுகிய அக்குழாய் வளரும் கருவுக்கு இடந்தர இயலாது. அங்குத் தங்கிய கருவைப் பிழைக்க வைக்க வழியில்லை. தாயைக் காப்பதே மருத்துவம்.

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. அவ்வொலியை உலோகத்துள் செலுத்தி, எதிரொலியால் விரிசலை அறிவது தொழிற்சாலை வழக்கம். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஐயன் டொனால்டு அதனை மனித உடலில் பயன்படுத்தி, 1958இல் லான்செட் இதழில் வெளியிட்டார். கொதிகலன் செய்வோரிடம் மகப்பேற்று மருத்துவம் பாடம் கேட்டது விந்தையன்றோ!

ஸ்கேன் திரையில் மருத்துவர் தேடுவது யாது? கடைசி மாதவிலக்கிலிருந்து ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கடந்தபின், யோனி வழியே பார்க்கும் கருவியில், கருப்பையுள் சிறு கருவுறை தென்பட வேண்டும். கருவுற்றது உறுதியாகியும் கருப்பை வெறுமையாக இருப்பின் ஐயம் எழுகிறது. எழுகிறது என்றுதான் சொன்னேன், தீர்ந்துவிடவில்லை. கரு மிக இளையதாகவும் இருக்கலாம். முன்பே கலைந்தும் இருக்கலாம். சூலகத்தின் அருகே, அதனின்று வேறாக, வளையம் போன்றதொன்று தெரிந்து, அதனுள் மஞ்சட்கருப் பையோ துடிக்கும் இதயமோ காணப்பட்டால் ஐயமில்லை. கருப்பையின் பின்புறப் பள்ளத்தில் கலங்கிய நீர்மம் தேங்கியிருப்பின், அது குருதியாகலாம். இன்னொரு சூழ்ச்சியும் உண்டு: கருப்பையுள் வெறும் நீர் தேங்கிக் கருவுறை போலவே தோன்றும். அதனுள் மஞ்சட்கருப் பை இராது. இப்பொய்த் தோற்றத்தை மெய்யென நம்பி நிம்மதியடைவது பேராபத்து.

படம் தெளிவு தராதபோது, கருவுற்றமை காட்டும் ஹார்மோனின் அளவைக் குருதியில் கண்டு, 48 மணி நேரம் கழித்து மீண்டும் காண்பர். அது போதிய அளவு உயராவிடில் ஐயம் வலுப்படும். முன்னரே அறிந்தால் சிலருக்கு மருந்தே போதும். வெடித்தபின் அறுவையன்றி வழியில்லை.

ஸ்கேன் என்றவுடன் ஆணா பெண்ணா என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. அதனை வெளியிடுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஐந்தாறு வாரக் கருவில் அது தெரியவும் தெரியாது.

மாணவியரே, நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒருபுற வலி, சிறு உதிரப்போக்கு, மயக்கம் ஆகியவை தோன்றினால் வாய்வுப் பிடிப்பு என்று கசாயம் வைத்துக் காத்திராதீர். தோள்பட்டை நுனியில் வலி வருவதும் உண்டு. வயிற்றுள் கசிந்த குருதி உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. அவ்வேளையில் 108ஐ அழையுங்கள். நாள் தள்ளியதை நாணமின்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.