சாம்பலுக்கும் கணக்கு வேண்டும்

(வத்தலக்குண்டில் நடைபெற்ற உழவர், தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வத்தலக்குண்டில் கொதிகலனைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “தென்னந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த ஊரில் அனல்மின் நிலையத்துக் கதை எதற்கு?” நியாயமான கேள்விதான். விடையும் எளியது. இவ்வூர்க் கிணற்று மோட்டாரை ஓட்டும் மின்சாரம் கம்பி வழியே வந்து சேருகிறது. அதற்காக எரிந்த நிலக்கரியின் சாம்பல் இங்கு வருவதில்லை. அது தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் எண்ணூரிலும் தங்கிவிடுகிறது. வெளிச்சம் நமக்கு, சாம்பல் அவர்களுக்கு! இந்தப் பங்கீடு நேர்மையானதா என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

அப்படிக் கேட்பது இவ்வூருக்குப் புதிதன்று. 1884-ஆம் ஆண்டு இதே வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரனாரோடு அவர்கள் பக்கம் நின்றார். அதே ஆண்டில் சிறை புகுந்தார். தூத்துக்குடித் தொழிலாளியின் துயரம் எனக்கு எதற்கு என்று அவர் ஒதுங்கியிருக்கவில்லை. நாமும் ஒதுங்கலாகாது.

அடுப்பு தரும் பாடம்

கொதிகலனின் தத்துவம் தாய்மார்கள் அறியாததன்று. நேற்றைய சாம்பலை அள்ளாமல் இன்று விறகடுப்பை மூட்டினால் என்ன ஆகும்? காற்று புகாது, புகை சூழும், விறகு வீணாகும். பானையின் அடியில் கரி தடித்துவிட்டால் உலை கொதிக்க நேரமாகும். கொதிகலனிலும் இதுவே நிகழ்கிறது. அளவு பெரிது, ஆபத்தும் பெரிது.

பழைய ஆலைகளில் இருந்தது லங்காஷயர் கொதிகலன். 1844-இல் இங்கிலாந்தில் தோன்றியது. பெரிய நீர் உருளையின் ஊடே இரண்டு தீக்குழாய்கள் செல்லும். அவற்றில் இரும்புத் தட்டியின் மேல் கரி எரியும். சாம்பலின் பெரும்பகுதி தட்டியிலும் அதன் கீழும் தங்கும். தொழிலாளி அதை வாரி வெளியேற்றுவார். உழைப்பு கடுமையானது. ஆயினும் சாம்பல் கண்முன் கிடந்தது.

இன்றைய அனல்மின் நிலையங்களில் பெரும்பாலானவை வேறு வகை. கரியை நுண்ணிய மாவாக அரைத்துக் காற்றோடு உலைக்குள் ஊதி எரிக்கின்றனர். உலைச் சுவர்களில் நிற்கும் குழாய்களுக்குள் நீர் ஓடி ஆவியாகிறது. பேரளவு மின்சாரத்துக்கு ஏற்ற முறை இது. ஆனால் சாம்பலில் 100-க்கு 80 பங்கு புகையோடு பறக்கிறது. ஏறத்தாழ 20 பங்கே அடியில் விழுகிறது.

மூன்றாவது வகையில் மணலும் சாம்பலும் கொண்ட படுகையைக் கீழிருந்து காற்றால் எழுப்பி, அதனுள் கரியை எரிக்கின்றனர். வெப்பம் 800 முதல் 900 டிகிரிக்குள் நிற்பதால் சாம்பல் உருகிக் கட்டியாவது குறைகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்தால் கந்தகப் புகையும் பெருமளவு மட்டுப்படும். மட்டமான கரியும், நெல் உமியும்கூட இதில் எரியும். ஆனால் சுழன்றடிக்கும் மணலும் சாம்பலும் குழாய்களைத் தேய்த்துவிடும். நெய்வேலியில் 2015-இல் இயங்கத் தொடங்கிய 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றில் எது சிறந்தது? எந்தக் கரி என்று தெரியாமல் இதற்கு விடை கூற இயலாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம், சாம்பல் குறைவு. கப்பலேறி வரும் ஒடிசா தால்சேர் கரியில் 100-க்கு 40 பங்கு வரை சாம்பல். இந்தோனேசியக் கரியில் சாம்பல் சொற்பம். ஒரு கரிக்கென அமைத்த உலையில், விலை மலிவு என்று வேறொரு கரியைக் கொட்டினால், இலாபம் ஏட்டில் ஏறும். சாம்பல் குழாயில் ஏறும்!

கணக்கைப் பாருங்கள்

1 யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டுக் கரி ஏறத்தாழ 700 கிராம் வேண்டும். அதில் 40 பங்கு சாம்பல் என்றால் 280 கிராம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 210 மெகாவாட். அத்தகைய அலகொன்று ஒரு நாள் முழுத் திறனுடன் ஓடினால் ஏறத்தாழ 50 லட்சம் யூனிட் மின்சாரம். 1,400 டன் சாம்பல். 10 டன் லாரியில் ஏற்றினால் 140 லாரிகள். ஓர் அலகுக்கு, ஒரே நாளில்!

இச்சாம்பல் உலைக்குள்ளே செய்யும் தீங்கு ஒன்று. வெளியே செய்யும் தீங்கு மற்றொன்று.

உலைக்குள் வெப்பம் மிகும்போது சாம்பல் இளகிக் குழாய்களில் அப்புகிறது. பின்னர் பாறைபோல் இறுகுகிறது. ‘கிளிங்கர்’ என்று தொழிலாளர்கள் சொல்வது இதனைத்தான். குழாயில் படிந்ததை நீராவியைப் பீச்சி உதிர்க்க வேண்டும். அடியில் சேர்ந்ததை உடனுக்குடன் அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் என்ன நேரும்? உத்தரப் பிரதேசத்து ஊஞ்சாகர் அனல்மின் நிலையத்தில் 2017 நவம்பர் 1-ஆம் நாள் நேர்ந்ததே சான்று. 500 மெகாவாட் புதிய அலகின் அடிப்புறத்தில் சாம்பல் அடைத்துக்கொண்டது. அலகை முற்றிலும் நிறுத்தாமலே அதை அகற்ற முயன்றனர். உள்ளே அழுத்தம் ஏறி, கொதிக்கும் புகையும் சாம்பலும் வெடித்துப் பாய்ந்தன. 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். உற்பத்தி நிற்கக் கூடாதாம். உயிர் நின்றால் குற்றமில்லையாம்! இந்தக் கணக்கைத்தான் நாம் மறுக்கிறோம்.

வெளியே பறக்கும் சாம்பலைப் பிடிக்க, மின்விசையால் தூசியை ஈர்க்கும் கருவிகள் உண்டு. நன்கு பேணினால் 100-க்கு 99 பங்குக்கு மேல் பிடிபடும். பிடித்த சாம்பலைக் கீழுள்ள தொட்டிகளிலிருந்து காலத்தில் இறக்காவிட்டால் கருவி செயலிழக்கும். இறக்கிய சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகின்றனர். குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் கழிமுகம் கண்டிருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசத்தலை ஆற்றில் படிந்தது. மீனும் இறாலும் வளர்ந்த ஆற்றுப்படுகை மேடேறியது. மீனவர் வலை வீசிய இடத்தில் சாம்பற் சேறு! சாம்பல் குளத்தை அடுத்த செப்பாக்கத்து மக்கள் வீட்டுக்குள்ளும் தூசியோடு வாழ நேர்ந்தது.

சட்டம் உண்டு, செயல் வேண்டும்

சாம்பல் வீண்பொருளன்று. சிமெண்டில் 100-க்கு 35 பங்கு வரை அதைச் சேர்க்கலாம், செங்கல் அறுக்கலாம், சாலைக்கு மேடு போடலாம். 1999-இலேயே மத்திய அரசு இதற்கு ஆணை பிறப்பித்தது. 2021-இல் வந்த ஆணை, சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்றும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்றும் விதித்தது. ஏட்டில் உள்ள ஆணை ஆற்றைத் தூர்வாராது. கேட்பதற்கு மக்கள் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. கரிக்கேற்ற கொதிகலன்; கொதிகலனுக்கேற்ற கரி. சாம்பல் அடைத்தால் அலகை நிறுத்து. எரியும் உலைக்கு அடியில் ஆளை அனுப்பாதே. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே பாதுகாப்பு. சாம்பலை அகற்றும் செலவும், அதனால் கெட்ட ஆற்றைச் சீர்செய்யும் செலவும் மின்சாரத்தின் அடக்க விலையில் சேரட்டும்; மீனவர் தலையில் ஏறவேண்டாம்.

காற்றாலையும் சூரிய ஒளியும் தமிழ்நாட்டில் பெருகி வருகின்றன, மகிழ்ச்சி. ஆனால் கடைசிக் கொதிகலன் அணையும் வரை அதன் முன் ஒரு தொழிலாளி நிற்பார். அணைந்த பிறகும் சாம்பல் குளம் கிடக்கும். எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. நிலையம் மூடினாலும் சாம்பல் கணக்கு மூடவில்லை.

இன்றிரவு வீட்டு விளக்கை ஏற்றும்போது, நம் நாட்டுக் கரியில் விளைந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 280 கிராம் வரை சாம்பலை எவரோ சுமக்கிறார் என்பதை நினையுங்கள். நினைத்தால் மட்டும் போதாது. அடுத்த ஊர்க் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். சிவா பிறந்த ஊருக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.