கார்டுக்கு எத்தனை வட்டி?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம் குழுக்களில் உள்கடன் கேட்கும்போது "பழைய கடன் அடைக்க" என்று காரணம் எழுதுவது வழக்கம். முன்பெல்லாம் பழைய கடன் என்றால் வட்டிக்காரர், இல்லாட்டி அடகுக் கடை. இப்போது கிரெடிட் கார்டும் அதில் சேர்ந்துவிட்டது. ஓசூர் சிப்காட்டிலோ, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவிலோ வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளம் வங்கியில் ஏறுகிறது. கொஞ்ச நாளில் "உங்களுக்குக் கார்டு ரெடி" என்று போன் வருகிறது. போன் தமிழில் வரும், கன்னடத்தில் வரும், இந்தியிலும் வரும். பில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்! கார்டு வீட்டுக்காரர் பேரில் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே, வசூல்காரர் கூப்பிடும்போதுதான் பல வீடுகளில் பெண்களுக்குத் தெரிகிறது.

நாம் யாரும் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. ஒரு வட்டி, ரெண்டு வட்டி, அஞ்சு வட்டி என்போம். நூறு ரூபாய்க்கு மாசம் இத்தனை ரூபாய் என்று அர்த்தம். கார்டையும் அந்தக் கணக்கில் பாருங்கள். பல வங்கிகள் பாக்கித் தொகைக்கு மாதம் மூன்றரை ரூபாய் அளவில் வட்டி போடுகின்றன. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஆக, கார்டுக் கடன் நாலு வட்டிக்கும் மேலே. தெருவில் நாலு வட்டிக்குக் கொடுப்பவரிடம் போக யோசிக்கிற நாம், பளபளப்பான அட்டை என்பதால் யோசிக்காமல் இருக்கலாமா?

இதைக் கேட்க ஆளில்லையா என்று சிலர் கேட்கலாம். வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்த உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் வட்டி குறையும் என்று காத்திருக்காமல், அசலைக் குறைக்கிற வழியைப் பார்ப்போம்.

பில்லில் ரெண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்த பாக்கி, இன்னொன்று "மினிமம்". 40,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மினிமம் 2,000 என்று போட்டிருப்பார்கள். கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் அந்த மாச வட்டி 1,400, அதற்கு வரி 252, ஆக 1,652 அங்கேயே போய்விட்டது. அசலில் கழிந்தது வெறும் 348 ரூபாய். இதோடு முடியவில்லை. பழைய பாக்கி நிற்கும்போது புதுசாக ஒரு மிக்ஸி வாங்கினால், வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் எப்போதுமே அப்படித்தான், தனிக் கட்டணமும் உண்டு.

ஆகவே கார்டு உபயோகத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. அப்புறம் நோட்டு போட வேண்டும். குழுவில் வரவு செலவு எழுதுகிற கைதானே, வீட்டுக்கும் எழுதட்டும். வீட்டுக்காரர் சம்பளம் 21,000, நமக்கு ரோஜாத் தோட்டத்திலோ தையலிலோ 7,000, மொத்தம் 28,000 வருகிற வீடு என்று எடுத்துக்கொள்வோம். வாடகை 7,000. மளிகை, காய்கறி 6,500. பால் 1,500. கேஸ் 900. பள்ளி வேனும் டியூஷனும் 2,600. பெட்ரோல் 1,800. கரண்ட், போன் 900. மருந்து 500. குழு சேமிப்பு 300. கூட்டினால் 22,000. மீதி 6,000 எங்கே போகிறது என்று எழுதாத வீட்டில் தெரியாது. எழுதினால் தெரியும்: பேக்கரி, ஞாயிற்றுக்கிழமை பெங்களூர், போன் ரீசார்ஜ், மொய். மொய்யை நிறுத்தச் சொல்ல முடியாது, ஊரில் தலை காட்ட வேண்டுமே! அதற்கு 1,000 ஒதுக்குங்கள். பாக்கி 5,000 சம்பளம் வந்த அன்றைக்கே கார்டுக்குப் போகட்டும். மாசக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்றால் மிஞ்சாது. இப்படிக் கட்டினால் 40,000 பத்தே மாதத்தில் முடியும். வட்டியும் வரியுமாக ஏறக்குறைய 9,500 ஆகும். ஓ.டி. பணம், தீபாவளி போனஸ் அதில் விழுந்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

இதே கடனைக் குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கி அடைத்தால்? அதே 5,000 கட்டினால் ஒன்பது மாதம், வட்டி 1,900 ரூபாய் அளவுதான். அந்த வட்டியும் நம் குழுவுக்கே வரும். "அவங்க வீட்டு ஆசைக்கு நம்ம சேமிப்பா?" என்று சில குழுக்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1989-ல் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்கள் தொடங்கியபோது, வட்டிக்காரரிடமிருந்து நம்மை மீட்பதும் நோக்கமாக இருந்தது. கார்டும் ஒரு வட்டிக்கடைதான். எனவே கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் சும்மா கொடுக்கக் கூடாது. பணம் கையில் வராமல் நேரே கார்டு கணக்கில் கட்டப்பட வேண்டும். கார்டை மூடக் கடிதம் கொடுத்த நகலைத் தீர்மான நோட்டோடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கார்டுக் கடனும் இருக்கும், குழுக் கடனும் இருக்கும். தொழில் செய்ய வங்கி கொடுத்த கடனை இதற்குத் தொடவே கூடாது. குழு சேமிப்பிலிருந்து மட்டுமே.

பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டது. வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்றும் அதே ஆண்டு சொன்னது. மிரட்டினால் தேதி, நேரம் குறித்து வைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். அது சிபிலில் "செட்டில்டு" என்று பதிவாகும். பின்னால் வீட்டுக் கடனோ தொழில் கடனோ கேட்கும்போது இடிக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கார்டு உள்ளவர்கள் கடைசி மூன்று மாத பில்லை எடுத்து வாருங்கள். கார்டு நம்பரை மையால் அடித்துவிட்டுக் கொண்டு வந்தால் போதும், ஓ.டி.பி. எதுவும் யாரிடமும் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்ததும் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஊக்குநர்கள் தனியாக உட்கார்ந்து வட்டி எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்கள். முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.