வல்லாளனுக்கு ஒரு நாவல் எழுதுங்கய்யா!

கிரிவலப் பாதை ஓரமா வண்டியை நிறுத்திட்டு, 'அஞ்சு நிமிஷம் கேட்டுட்டுப் போவோம்'னு நிக்கிற தம்பிகளே!

'சரித்திர நாவலும் கட்டடங்களும்'னு தலைப்பு குடுத்திருக்காங்க. தலைப்பு சட்டைப்பையில பத்திரமா இருக்கு, அது கிடக்கட்டும். முதல்ல ஒரு கேள்வி. நம்ம திருவண்ணாமலை ராஜகோபுரம் எத்தனை அடி? 217! சபாஷ் தம்பி. நிலை? பதினொண்ணு. கிருஷ்ணதேவராயர் தொடங்கினது, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடிச்சது. சரி, அதைத் தாண்டி உள்ளே போனா நிக்குதே வல்லாள கோபுரம், அந்த வல்லாளன் யாரு? பெரியவங்க கை தூக்குறாங்க. தம்பிங்க பக்கம் சத்தத்தையே காணோம்!

போசள ராஜா அய்யா அவர். மூணாம் வல்லாளன். தலைநகரமான துவாரசமுத்திரம் டெல்லிப் படைகிட்ட அடிமேல அடி வாங்கின பிறகு, இந்த மலையடிவாரத்துல வந்து உக்காந்து ராஜ்யம் பண்ணவர். எண்பது வயசுல மதுரை சுல்தான் மேல படையெடுத்துப் போனார். எண்பது வயசு! நமக்கு ஐம்பதுலயே முட்டி பிடிச்சுக்குது. பிடிச்சாங்க, கொன்னாங்க, தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சு மதுரை மதில்ல தொங்கவிட்டாங்க. நான் சொல்லலீங்க, மொராக்கோவுலேர்ந்து வந்த இபன் பதூதா எழுதி வச்சிருக்கார்.

அந்த ராஜாவுக்கு இன்னைக்கு வரைக்கும் திதி குடுக்கிறது யாரு? அண்ணாமலையார்! பிள்ளையில்லாத ராஜாவுக்குச் சாமியே பிள்ளையா வந்தார்ங்கிறது புராணம். தைப்பூசத்தன்னைக்கு ஈசான்ய குளக்கரையில, அப்பா செத்த சேதியைச் சாமிகிட்ட சொல்றாங்க. மேளம் நின்னுடுது. தாளம் இல்லாம சாமி கோயிலுக்குத் திரும்புறார். மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு போய் ஆத்தங்கரையில திதி. அட, கை தட்டாதீங்க, எழவு வீட்டுக் கதை இது! சரி, தட்டுங்க. சாமி கோவிச்சுக்க மாட்டார்.

இப்ப சரித்திரக்காரர் வந்து என்ன சொல்றார்? 'வல்லாளனுக்குப் பிள்ளை இருந்தான், நாலாம் வல்லாளன், அப்பனுக்குப் பிறகு மூணு வருஷம் ஆண்டான்'கிறார். நாவல்காரன் கால் வைக்க வேண்டிய இடம் இதுதாங்க! பெத்த பிள்ளை உயிரோட இருக்கையில சாமி எதுக்குத் திதி குடுக்கணும்? அந்தப் பிள்ளையை ஊர் ஏன் மறந்துது? இந்த முடிச்சு கல்கி கையில கிடைச்சிருந்தா அஞ்சு பாகம் எழுதியிருப்பார்.

கல்கின்னதும் விசில் பறக்குது பாருங்க! எங்க தெருவுல ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். பத்திரிகையில வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை, ஓவியர் மணியம் படத்தோட கிழிச்செடுத்து, கோணி ஊசியால தைச்சு வச்சிருப்பார். கையெல்லாம் கிரீஸ், புஸ்தகத்தைத் தொடமாட்டார். அவர் பஞ்சர் ஒட்ட ஒட்ட, பசங்க நாங்க சத்தமா வாசிக்கணும். தப்பா வாசிச்சா ஸ்பேனரால பெஞ்சுல ஒரு தட்டு!

அங்கதான் அருள்மொழிவர்மன் காய்ச்சலோட நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துல கிடந்ததைப் படிச்சேன். நிஜத்துல அந்த விகாரம் அவர் ராஜராஜனா முடிசூடின பிறகு எழுந்தது, கல்கி கதைக்காக முன்னாடி இழுத்துக்கிட்டார். போகட்டும். படிச்சவன் எல்லாம் நாகப்பட்டினம் போய்த் தேடுறான். கிடைக்குமா? அங்கே பழைய செங்கல் கோபுரம் ஒண்ணு கப்பல்காரங்களுக்கு அடையாளமா நின்னுக்கிட்டிருந்துது. 1867ல இடிச்சாச்சு. யார் இடிச்சா, யார் அனுமதி குடுத்தான்னு பேசினா விடிஞ்சுடும். கல்கி அந்த நாவலைத் தொடங்கினது 1950ல!

பாரீஸ்ல பாருங்க. நோத்ர தாம் மாதா கோயில் சீரழிஞ்சு கிடந்துது. 1831ல விக்டர் ஹ்யூகோ அதை வச்சே நாவல் எழுதினார். ஊரே திரும்பிப் பார்த்துது. பதினைஞ்சு வருஷத்துக்குள்ள திருப்பணி ஆரம்பம்! 2019ல அந்தக் கூரை தீப்பிடிச்சு எரிஞ்சப்ப, பிரான்ஸ் ஜனங்க தேடித்தேடி வாங்கினது எதைங்கறீங்க? அதே நாவலை! அங்கே பேனா முந்திக்கிச்சு. நாகப்பட்டினத்துல கடப்பாரை முந்திக்கிச்சு.

இது புரியாம ஒருத்தர், பேர் சொல்லமாட்டேன், ஏன் சிரிக்கிறீங்க, ஒரு மேடையில சொல்றார்: 'சரித்திர நாவல்ல என்ன இருக்கு? குதிரைக் குளம்புச் சத்தம், இளவரசி பெருமூச்சு!' அய்யா, உங்க நாவலை நானும் படிச்சேன். குதிரை இல்லை, இளவரசி இல்லை, கதையும் இல்லை! இன்னொரு கோஷ்டி இருக்கு. 'தஞ்சாவூர் பெரிய கோயில் நிழல் தரையில விழாது'ன்னு மேடை மேடையா முழங்குறாங்க. விழுதுங்க! சாயங்காலம் போனா நிழல்ல உக்காந்து புளிசோறு சாப்பிடலாம். சாப்பிட்டு எழுந்து கல்வெட்டைப் பாருங்க. குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பேர் இருக்கு. 400 தளிச்சேரிப் பெண்டுகள் பேர், எந்தச் சிறகுல எத்தனாவது வீடுன்னு இருக்கு. நம்ம விசிறி சாமியாரைக் குருவா வரிச்சுக்கிட்ட பாலகுமாரன் 'உடையார்'னு ஆறு பாகம் எழுதினாரே, அந்தக் கோயிலைக் கட்டின கதைதானே! அதைப் படிச்சுட்டுப் போறவனுக்கு அந்தச் சுவர்ல எழுத்து தெரியாது, ஆள் தெரியும்.

எங்க சைக்கிள் கடைக்காரர் தஞ்சாவூர் பார்த்ததில்லை. ஆனா கல்கி கதையில வந்தியத்தேவன் எந்த வாசல் வழியா நுழைஞ்சான்னு கேட்டா, தெரு மண்ணுல ஸ்பேனரால கோடு போட்டுக் காட்டுவார். அவருக்கு யாரும் சால்வை போடலை. போட்டுக்கிட்டவங்களை எல்லாம் எனக்குத் தெரியும், விட்டுடுவோம்.

தம்பிகளா, கலை இலக்கிய இரவை விடிய விடிய நடத்தின ஊர் இது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனம் நம்ம வாசலைத் தாண்டி நடக்குது. வல்லாளனை வச்சு ஏற்கெனவே எழுதினவங்க இருந்தா மேடைக்கு வாங்க, இந்த மாலை உங்களுக்குத்தான். இன்னும் பத்துப் பேர் எழுதுங்க. அடுத்த மாசி மகத்துக்குள்ள முதல் அத்தியாயத்தைக் கொண்டு வாங்க. இதே இடத்துல, இதே மைக்குல நானே வாசிக்கிறேன்.